வின்னி, வயது 22, விருந்தாளி

எங்கள் நூலகத்துக்கு முன்னோரைத் தேடி வரும் அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஓர் அரசர் வேண்டும். அரசர் அகப்படாவிட்டால் தூக்கில் தொங்கிய புரட்சிக்காரர் போதும். அயர்லாந்தின் இந்த லீட்ரிம் மாவட்டத்தில் விளைந்ததெல்லாம் கோரைப்புல்லும் மழையும்தான் என்று சொன்னால் முகம் தொங்கிப்போகும். போன வருடம் சிகாகோவிலிருந்து ஒருவர் வந்தார். கொள்ளுத்தாத்தா ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் என்று வீட்டில் படம் மாட்டி வைத்திருக்கிறார்களாம். சிறைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வாத்து திருடியதற்கு ஒரு மாதம். அதுவும் பக்கத்து வீட்டு விதவையின் வாத்து.

"இதக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லக் கூடாதா மேடம்? வீட்ல பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் பாவம்.

"பதிவேட்டுல என்ன இருக்கோ அதத்தான் சார் சொல்ல முடியும். வேணும்னா வாத்து நல்லாக் கொழுத்த வாத்துன்னு சொல்லிக்கங்க."

முப்பத்தொரு வருடம் இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்காகவும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. டிம்ப்னா மல்வியிடம் போனால் உள்ளதைச் சொல்வாள், ஆனால் முகத்தில் அடித்த மாதிரி சொல்வாள் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

ஊரார் தொலைத்தவர்களையெல்லாம் தேடிக் கொடுத்த எனக்கு என் வீட்டில் தொலைந்த ஒருத்தியைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. என் தாத்தா ஹியூவுக்கு ஓர் அக்கா இருந்தாள். வினிஃப்ரட். வீட்டில் வின்னி. 1909ஆம் வருடம், இருபது வயதில், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். அதன்பிறகு ஒரு கடிதம் இல்லை, ஒரு புகைப்படம் இல்லை, செத்தாள் பிழைத்தாள் என்று ஒரு சேதி இல்லை. எங்கள் பக்கத்தில் யாராவது அமெரிக்கா கிளம்பினால் முந்தின நாள் வீட்டில் துக்கம் நடத்துவது அந்தக் காலத்து வழக்கம். பிணம் இல்லாத துக்க வீடு அது. போகிறவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றி நின்று ஒப்பாரி வைப்பார்கள், குடிப்பார்கள், ஆடுவார்கள். இனி பார்க்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வின்னிக்கும் அப்படி அழுது தீர்த்து அனுப்பினார்கள். அதனால் கடிதம் வராதது அப்போது யாருக்கும் பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஆனால் 1958இல் தாத்தா ஹியூ சாகக் கிடந்தபோது, மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று கண்ணைத் திறந்து தன் மூத்த மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாராம்.

"வின்னிய உள்ள கூட்டிட்டு வாடா. வெளிய மழை பெய்யுது."

அந்த மூத்த மகன்தான் என் பெரியப்பா மலாக்கி. "சரிப்பா, கூட்டிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். தாத்தா கையை விட்டார், உயிரையும் விட்டார். அமெரிக்காவில் அநாதையாய்க் கிடக்கும் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எட்டு மாடும் இந்த வாக்கும்தான் அவர் குடும்பம். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்ஃபியா என்று தெரிந்த ஊர்த் தேவாலயங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நான் நூலக வேலையில் சேர்ந்தபிறகு அந்தப் பாரம் என் தலைக்கு வந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒன்று. 1910, 1920, 1930, கடைசியில் 1940 வரை வீடு வீடாகப் பார்த்தேன். வினிஃப்ரட் மல்விகள் நாற்பத்துமூன்று பேர் கிடைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை. விசாரித்துப் பார்த்து, அப்பா பெயர் டெரன்ஸ் இல்லையென்றால் அட்டையின் மூலையில் 'நம்மவள் இல்லை' என்று எழுதி, செருப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். நாற்பத்துமூன்று அட்டையிலும் அதேதான் எழுதியிருந்தது.

போன வசந்தத்தில் பெரியப்பாவுக்குத் தொண்ணூறு. இதயம் தளர்ந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். கண் பார்வை அதற்கு முன்பே போய்விட்டது. வெளிச்சம் எது நிழல் எது என்று மட்டும் தெரியும். இலை உதிரும்வரை தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வாரத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்திருப்பேன்.

"இது முதியோர் இல்லம் இல்ல டிம்ப்னா, ஏர்போர்ட்டு" என்பார். "எல்லாரும் பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்கோம். எப்ப பேரக் கூப்பிடுவான்னு தெரியல. டீ மட்டும் கேவலமா இருக்கு, ஏர்போர்ட்டு மாதிரியே."

"நீங்க எந்த ஏர்போர்ட்ட பாத்தீங்க பெரியப்பா? டப்ளினுக்கே ரெண்டு தடவதான் போயிருக்கீங்க."

"ரெண்டு தடவையும் டீ கேவலம்." அப்புறம் கேட்டார். "ஏதாவது தெரிஞ்சுதா?"

ஒவ்வொரு முறையும் கடைசியில் இந்தக் கேள்வி வரும். யாரைப் பற்றி என்று சொல்லவே மாட்டார்.

"இன்னும் இல்ல பெரியப்பா."

"அங்க போனா அப்பா கேப்பாரே. என்னன்னு சொல்லுவேன்?"

தொண்ணூறு வயது மனிதர் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தார். சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ஜூன் மாதம் டார்லீன் வந்தாள். மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊர். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி. அரசர் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புகைப்படத்தையும் ஒரு காகிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்க அம்மாவோட பாட்டிங்க. லீட்ரிம்தான். அவங்க பொறந்த வீடு எங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வேற ஒண்ணும் வேணாம்."

காகிதம் 1910ஆம் வருட அமெரிக்கக் கணக்கெடுப்பின் நகல். வினிஃப்ரட் மல்வி, வயது 23, அயர்லாந்தில் பிறந்தவள், வந்த ஆண்டு 1909, உள்ளாடை ஆலையில் தையல்காரி. எனக்கு அது புதிதில்லை. பதினேழாம் எண் அட்டை. இவளுடைய மரண அறிவிப்பைக்கூட எழுதிக் கேட்டு வாங்கியிருந்தேன். அப்பா பெயர் பாட்ரிக் என்று இருந்தது. 'நம்மவள் இல்லை.'

"இவங்க அப்பா பேரு பாட்ரிக்தானே?" என்று அலுப்போடு கேட்டேன்.

"ஆமாங்க! மலைக்கு அந்தப் பக்கம் வீடுன்னு சொல்லுவாங்களாம். இந்தப் பக்கம் அவங்க பெரியப்பா டெரன்ஸ் வீடாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா டெரன்ஸுக்குப் பாட்ரிக் என்று ஒரு தம்பி உண்டு. மலைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அப்பாவைப் பெற்றவள் பெயரைப் பெண் குழந்தைக்கு வைப்பது எங்கள் பழக்கம். அதனால் அண்ணன் வீட்டிலும் ஒரு வின்னி, தம்பி வீட்டிலும் ஒரு வின்னி. இது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தம்பி வீட்டு வின்னியை எனக்கு நன்றாகவே தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் 1911ஆம் வருட அயர்லாந்துக் கணக்கெடுப்பில், எங்கள் வீட்டுப் படிவத்தில், கடைசி வரியில் அவள் இருக்கிறாள். வினிஃப்ரட் மல்வி, வயது 22, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'விருந்தாளி'. கடைசிக் கட்டத்தில் 'பார்வையற்றவள்'. மலை தாண்டித் தன் பெரியப்பா டெரன்ஸ் வீட்டுக்கு வந்திருந்த குருட்டுப் பெண், பாவம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"உங்க கொள்ளுப்பாட்டிக்குக் கண்ணு எப்படி?" என்று டார்லீனிடம் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கண்ணா? எம்பத்திநாலு வயசுல கண்ணாடி இல்லாம ஊசில நூல் கோப்பாங்க. ஏங்க?"

"1911ல ஊருக்குத் திரும்பி வந்தாங்களா?"

"திரும்பியே வரலைங்க. வந்திருக்கணும்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. எல்லாம் அந்த இன்னொரு வின்னிக்காக."

அவள் சொன்னது இதுதான். இரண்டு வின்னிகளும் ஒரே கப்பலில் போயிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த கோட்டு. நியூயார்க்கில் இறங்கியதும் டாக்டர்கள் இமையை மடித்துப் பார்த்தார்கள். ஒரு வின்னிக்குக் கண்ணில் தொற்று நோய். அவள் கோட்டில் சாக்கட்டியால் ஒரு குறி போட்டார்கள். குறி விழுந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"வரிசைல நிக்கும்போது அந்த வின்னி கேட்டாளாம், கோட்ட மாத்திக்கலாமா, ஒரே பேருதானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு. எங்க பாட்டி மாட்டேன்னுட்டாங்க. பயம். அப்புறம் அந்தப் பொண்ணு கையைக்கூட ஆட்டாம போயிட்டாளாம். சாகுற வரைக்கும் எங்க பாட்டி கோட்டே வாங்கலைங்க. பனில சால்வையப் போத்திக்கிட்டுப் போவாங்க." டார்லீன் என் முகத்தைப் பார்த்தாள். "அந்த வின்னி ஊரு வந்து சேந்தாளா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதற்குமேல் அவளிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பாட்ரிக்கின் வீடு இருந்த இடத்துக்கு வழி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு நூலகத்தைப் பூட்டினேன். மணி மூன்றுதான். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக நேரத்துக்கு முன்னால் பூட்டினேன்.

அந்த 1911 படிவத்தை நான் எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை. எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நான்தான் நகலெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். டெரன்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். படிவத்தை நிரப்பியது பத்தொன்பது வயது மகன் ஹியூ. "எங்கப்பா எழுத்தப் பாத்தியா, முத்து முத்தா!" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா காட்டுவார். கண் போனபிறகும் கண்ணாடியைத் தடவிக்கொண்டே காட்டுவார்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து அந்தச் சட்டத்தின் முன் நின்றேன். டெரன்ஸ், குடும்பத் தலைவர். கேதரின், மனைவி. ஹியூ, மகன். ஆன், மகள். வினிஃப்ரட், விருந்தாளி. எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. கை நடுங்கின அடையாளமே இல்லை.

சொந்த அக்காவை ஏன் அப்படி எழுதினார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண்ணில் ஒட்டுநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பாலை எந்தப் பால்பண்ணையும் வாங்காது. ஆனுக்கு மாப்பிள்ளை வராது. தவிர, ஊரே கூடி அழுது அனுப்பிய பெண். அவளைத் தலைமுழுகியாயிற்று. திரும்பி வந்து வாசலில் நின்றால் என்ன செய்வார்கள்? தம்பி மகள் வந்திருக்கிறாள், பார்வை இல்லாதவள் என்று சொல்லியிருக்கிறார்கள். பெயரும் பொருந்திவிட்டது. கணக்கெடுப்புப் படிவம் வாங்க வந்த போலீஸ்காரர் வெளியூர்க்காரர். அவருக்கு என்ன தெரியும்? அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. தெரிந்தவர்கள் செத்தார்கள், பொய் மட்டும் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனேன். எதிரே கன்றுக்குட்டிக் கொட்டில். அதன் கோடியில் ஓர் அறை, தனிக் கதவோடு. கொட்டிலில் அறை எதற்கு, அதில் கணப்பு எதற்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை. உருளைக்கிழங்கு போட்டு வைப்போம். அந்தக் கதவிலிருந்து சமையலறைக் கதவுவரை முற்றத்துச் சுவரில் ஐந்து இரும்பு வளையங்கள். என் இடுப்பு உயரத்துக்கு. துணி காயப்போட என்றால் மிகத் தாழ்வு. கன்று கட்ட என்றால் மிக உயரம். சின்ன வயதில் நான் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். வீட்டுக் கதவுக்குக்கூடப் பெயிண்ட் அடிக்காத கருமி என் தாத்தா. ஆனால் வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் அந்த ஐந்து வளையங்களுக்கும் துருப்பிடிக்காமல் சிவப்புப் பெயிண்ட் அடிப்பாராம். அவருக்குப் பிறகு பெரியப்பா அடித்தார். எதற்கு என்று கேட்டால், "அப்பா அடிச்சாரு, அதான்."

கண்ணை மூடிக்கொண்டு கொட்டில் அறையிலிருந்து வளையத்துக்கு வளையம் தடவிக்கொண்டு நடந்தேன். அவற்றில் ஒரு கயிறு ஓடியிருக்க வேண்டும். பதினெட்டு எட்டில் சமையலறைக் கதவு வந்தது. மழை தூற ஆரம்பித்திருந்தது. கதவு வரைக்கும் வந்திருப்பாள். சாப்பாட்டுக்கு வந்திருப்பாள். வெளியார் யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தால் அவர்கள் போகும்வரை இங்கேயே நின்றிருப்பாளோ? அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டு அழுதேன். அறுபது வயதுப் பெண்பிள்ளை. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவலையில்லை.

அமெரிக்கா முழுக்கத் தேடினேன். நாற்பத்துமூன்று பேருக்கு அட்டை போட்டேன். நம்மவள் யார் என்று தேடினேனே தவிர, நம்மவள் இல்லாதவள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இருபது வருடம் முன்பே தெரிந்திருக்கும். அப்போது பெரியப்பாவுக்குக் கண் நன்றாக இருந்தது. அந்தக் குற்றத்தை நான் வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மறுநாள் காலை இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் எனக்குப் பழக்கம். இதுவரை வின்னியின் மரணத்தை இந்த ஊரில் யாரும் தேடியதில்லை. அவள்தான் அமெரிக்காவில் இருக்கிறாளே. அரை மணியில் கிடைத்துவிட்டது. 1918 நவம்பர். வினிஃப்ரட் மல்வி, மணமாகாதவள், வயது 29. தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு. விஷக்காய்ச்சல், ஆறு நாள், மருத்துவர் பார்க்கவில்லை. தகவல் கொடுத்தவர் பெயரும், அவர் இறந்தவருக்கு என்ன வேண்டும் என்பதும் கடைசிக் கட்டத்தில் இருக்கும். நகலை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே முதியோர் இல்லத்துக்குப் போனேன்.

பெரியப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முழங்காலில் கம்பளி. என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"செவ்வாக்கெழம வர மாட்டியே. யாரு செத்தா?"

"யாரும் சாகல பெரியப்பா. வின்னி கெடச்சுட்டா."

அவர் கை கம்பளியை விட்டு எழுந்து காற்றில் எதையோ தேடியது. பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கட்டிக் குறி, கோட்டு, படிவம், கொட்டில் அறை, வளையங்கள். எதையும் மழுப்பவில்லை. அது எனக்குத் தெரியாத வித்தை. முடித்ததும் கேட்டார்.

"சொந்த அக்காவையா விருந்தாளின்னு எழுதிருக்காரு?"

"ஆமா பெரியப்பா."

"எங்கப்பாவா?"

"அவரு எழுத்துதான்."

"வந்தவன் போனவனுக்கெல்லாம் நான் அதக் காட்டுனேனேடி. முத்து முத்தா இருக்குன்னு." அவர் முகம் கோணிக்கொண்டது. "கூடப் பொறந்தவ. மழைல நிக்க வச்சிருக்கானுங்க. வெளிய மழை பெய்யுது, உள்ள கூட்டிட்டு வாடான்னு சொன்னாரே, அமெரிக்காவுக்குல்ல கடிதாசி எழுதிட்டு இருந்தேன் நான். பதினெட்டு எட்டுல இருந்திருக்கா."

"கயிறு கட்டினது தாத்தாதான் பெரியப்பா. அவரத் தவிர வேற யாரு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பாங்க?"

"கயித்தக் கட்டி என்ன? அக்கான்னு சொல்லலையே." மூச்சு வாங்கியது. நர்ஸைக் கூப்பிடப் போனேன், கையை விடவில்லை. "எங்க பொதச்சாங்க?"

"தெரியல. அது எந்தப் பதிவேட்டுலயும் இல்ல."

தலையை ஆட்டினார். அப்புறம் மெதுவாக, குழந்தை கேட்கிற மாதிரி, கேட்டார்.

"செத்தப்பவாவது? பதிவு பண்ணப் போனவன் உறவு சொல்லணும்ல? யாரு போனது? என்னன்னு சொன்னாங்க? அந்தக் காயிதத்தப் படி."

"தாத்தாதான் போயிருக்காரு, பெரியப்பா. உங்கப்பா."

"படி. உள்ளத உள்ளபடி படி. வாத்துத் திருடனுக்கே சலுகை காட்டாதவ நீ, எனக்கும் காட்ட வேணாம்."

காகிதத்தைப் பிரித்தேன். பிரிக்கும் சத்தத்துக்கு அவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். பார்வையில்லாத கண்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன. கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: 'ஹியூ மல்வி, அவ்வீட்டில் குடியிருப்பவர், இறக்கும்போது உடனிருந்தார்.'

குடியிருப்பவர். ஒன்பது வருடம் ஒரே முற்றத்தில் கயிற்றைப் பிடித்து நடந்தவளுக்கு, மூச்சு நின்றபிறகும், அவர் அந்த வீட்டில் குடியிருப்பவர் மட்டும்தான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளைக்கு அக்கா என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. நாற்பது வருடம் கழித்துச் சாகும்போதுதான் அவளைக் கூப்பிட்டார், அதுவும் உறவுமுறை இல்லாமல் வெறும் பெயராக. எனக்குத் தாத்தாமேல் வந்த ஆத்திரத்தில் காகிதத்தின் ஓரத்தைக் கசக்கிவிட்டேன். பெரியப்பா அதையும் கேட்டிருப்பார்.

"ஹியூ மல்வி" என்று படித்தேன். "தம்பி. இறக்கும்போது உடனிருந்தார்."

"தம்பின்னா போட்டிருக்கு?"

"தம்பின்னுதான் போட்டிருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்க விடவில்லை.

"அப்ப சரி. கடைசில சொல்லிட்டாரு" என்றார். "கல்லுல அவ பேரையும் வெட்டச் சொல்லு. எங்கப்பா பேருக்கு மேல. மூத்தவ இல்லயா."

பதினோரு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. அவரைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தோம். கல்வெட்டுகிற ஆள் அளவெடுக்க வந்தபோது அவர் பெயரோடு இன்னொரு வரியும் வேண்டும் என்றேன். எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தான்.

"இவங்க யாருக்கா? உங்க வீட்டுல இப்படி ஒருத்தங்க இருந்ததா கேள்விப்பட்டதே இல்லயே."

"நீ வெட்டுப்பா" என்றேன்.

ஜூலையில் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் ஞாயிறு. ஊரே குடையோடு வந்து அவரவர் கல்லின் பக்கத்தில் நிற்கும். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். மழை அதைவிடத் தாராளமாகத் தெளித்தது. எங்கள் கல்லில் புது எழுத்துகள் வெள்ளையாக இருந்தன. 'வினிஃப்ரட், 1889–1918, ஹியூவின் அக்கா.' அந்தக் கல்லுக்குக் கீழே அவள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எட்டிப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான்.

இறப்புப் பதிவின் நகல் என் மேசை இழுப்பறையில் நான்காக மடித்தபடி கிடக்கிறது. இந்த உறவுமுறையைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வெட்டினாயா என்று யாராவது என்னைக் கேட்டால், ஆமாம் என்று சொல்லுவேன்.